படையலில் சொல்லும் பெயர்கள்: தோட்டத்துக் குடும்ப வரலாற்றை இணையத்தில் ஏற்றி வைக்கப் பெரியவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தீபாவளிக்கு முதல் நாள் முன்னோருக்குப் படையல் போடும்போது உங்கள் வீட்டில் எத்தனை பேரை நினைத்துக் கும்பிடுகிறீர்கள்? எங்கள் வீட்டில் அம்மா இருந்தவரை ஒன்பது பேர். ஒவ்வொருவர் பெயரையும் வாய்விட்டுச் சொல்வார். யாருக்குச் சுருட்டு, யாருக்குக் கள்ளு, யாருக்குக் கருவாட்டுக் குழம்பு என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அம்மா இறந்த வருடம் படையல் முன்னால் நின்றபோது என் வாயில் ஆறு பெயர்தான் வந்தது. மற்ற மூன்று பேரும் அம்மாவோடு போய்விட்டார்கள்.

எனக்கு இப்போது 72 வயது. மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தேன். அப்பா பால் வெட்டினார். நான் படித்துக் கிராணி (தோட்ட எழுத்தர்) வேலைக்குப் போனேன். பல வருடம் செக்ரோல் என்னும் கூலிப் பதிவேடு எழுதிய கை இது. ஆகவே ஒன்றை உறுதியாகச் சொல்வேன்: தோட்டத்துக் காகிதங்களில் நம் ஆட்களின் வாழ்க்கை இல்லை. பெயர், எண், எத்தனை நாள் வேலை, எத்தனை ராத்தல் பால், எவ்வளவு பிடித்தம், அவ்வளவுதான். தோட்டம் கைமாறியபோது அந்தப் புத்தகங்களும் போயின. மிச்சம் இருப்பது நம் தலைமுறையின் ஞாபகம் மட்டும். அதைப் பிள்ளைகள் கையில் எட்டும்படி வைப்பது எப்படி என்று பல வருடமாகச் செய்து பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். கணினி தெரிய வேண்டியதில்லை. கைப்பேசியும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும், கூடவே வார இறுதியில் உட்கார ஒரு பேரப்பிள்ளை இருந்தால் நல்லது.

முதலில் படையல் பட்டியல்

இணையத்தைத் திறக்காதீர்கள். நோட்டுப் புத்தகத்தை எடுத்து, படையலில் சொல்லும் பெயர்களை எழுதுங்கள். ஆளுக்கு ஒரு பக்கம். பக்கத்தின் மேலே அவரை அழைத்த எல்லாப் பெயர்களும் வரட்டும்: அடையாள அட்டையில் உள்ளது, வீட்டில் கூப்பிட்டது, தோட்டத்தில் வைத்த பட்டப்பெயர். எங்கள் லயத்தில் ‘சயாம் பெரியப்பா’ என்றால் சின்னக் குழந்தைக்கும் தெரியும். சொந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. பட்டப்பெயர் மரியாதைக் குறைவு என்று விட்டுவிட்டால், நாளைக்கு வேறொரு ஊரில் இருக்கும் அவருடைய பேரன் தேடும்போது ஆளைச் சேர்த்துப் பார்க்கவே முடியாது.

அடுத்து, யாருடைய பிள்ளை, யாரைக் கட்டினார், எந்தத் தோட்டம், எந்த டிவிஷன். தோட்டத்துக்கு இரண்டு மூன்று பெயர் இருக்கும். கம்பெனி வைத்த ஆங்கிலப் பெயர் ஒன்று, நம் ஆட்கள் மலையையோ ஆற்றையோ பழைய கங்காணியையோ வைத்துச் சொன்ன பெயர் ஒன்று. இரண்டையும் எழுதுங்கள். பழைய பத்திரிகையில் தேட ஆங்கிலப் பெயர் வேண்டும். பெரியவர்களிடம் கேட்க நம் பெயர் வேண்டும்.

பெண்கள் பக்கம் காலியாக இருப்பதைக் கவனித்தீர்களா? எனக்கு அப்படித்தான் ஆனது. அப்பாவழியில் நான்கு தலைமுறை தெரிந்தது, அம்மாவின் அம்மா எந்தத் தோட்டத்திலிருந்து வந்தார் என்று தெரியவில்லை. அந்தப் பக்கத்தை முதலில் நிரப்பப் பாருங்கள். அதைச் சொல்லக்கூடியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

குரலைப் பிடித்து வைப்பது

எல்லாவற்றிலும் அவசரமானது இதுதான். காகிதம் பெட்டியில் இன்னும் பத்து வருடம் கிடக்கும். மனிதர் அப்படிக் கிடக்க மாட்டார்.

குரல் பதிவுச் செயலி எல்லாக் கைப்பேசியிலும் இருக்கிறது. பேசப்போகும் முன் அழைப்பு வராதபடி விமானப் பயன்முறையில் போடுங்கள். தலைக்கு மேல் ஓடும் காற்றாடியை நிறுத்துங்கள். கேட்கும்போது தெரியாது, பதிவில் அதன் சத்தம்தான் பெரிதாக இருக்கும். கைப்பேசியை மேசைமேல் வைக்காமல் மடித்த துண்டின்மேல் வைத்தால் டம்ளர் வைக்கும் சத்தம் விழாது. காலையில் பசியாறிய பிறகு போங்கள். முக்கால் மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள். தொடங்கும்போது தேதி, இடம், பேசுபவர் பெயர், உங்கள் பெயர் நான்கையும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

‘எந்த வருசம்?’ என்று மட்டும் கேட்காதீர்கள். என் அத்தைக்கு 88 வயது. கல்யாண வருடத்தைக் கேட்டேன். “அதெல்லாம் யாருப்பா எழுதி வெச்சா” என்று முடித்துவிட்டார். கொஞ்சம் பொறுத்து, மாமாவை முதலில் எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டேன். அத்தையின் வலது கை தானாக உயர்ந்தது. எதிரே மரம் நிற்பது போல விரல்கள் வளைந்தன, மேலிருந்து கீழாகச் சாய்வாக ஒரு இழு. “மேட்டுக் காட்டுல கடைசி நெரையில வெட்டிக்கிட்டு இருந்தேன். மழ இருட்டிக்கிட்டு வந்துருச்சு. மங்கெல்லாம் பாலு. தண்டலோட தம்பி ஓடியாந்து என் நெரையும் சேத்து எடுத்து ஊத்துனாரு. ஒரு வார்த்த பேசல.” (நெரை என்பது மர வரிசை, மங்கு பால் வடியும் கிண்ணம், தண்டல் வேலையை மேற்பார்க்கும் ஆள்.) அப்போது லயத்தைச் சுற்றி முள்வேலி இருந்ததா என்று கேட்டேன். “இருந்துச்சே! கேட்டுல நிறுத்தித் தூக்குச்சட்டியத் தொறந்து பாப்பான். சோறு இருந்தா வெளிய விட மாட்டான்.” மெர்டேக்கா (மலாயா சுதந்திரம்) அன்றைக்கு மூத்த மகன் பிறந்துவிட்டாரா? “எந்திரிச்சு நடந்துக்கிட்டு இருந்தான். பாசார்ல கொடி வாங்கிக் கையில குடுத்தேன்.”

இதில் வருடம் இருக்கிறது. சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்பில் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டத்திலும் துரைமார்கள் சுடப்பட்டது 1948 ஜூன் 16. அதை ஒட்டித்தான் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. அது முடிந்தது 1960 ஜூலை 31. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக்கூடாது என்றுதான் வேலியும் சோதனையும். மெர்டேக்கா 1957 ஆகஸ்டு 31. அன்றைக்குப் பிள்ளை நடந்தது என்றால் 1956 பாதிக்குள் பிறந்திருக்க வேண்டும். அத்தை கல்யாணம் 1955 வாக்கில். ‘சுமார் 1955’ என்று எழுதி, எப்படி வந்தோம் என்பதையும் இரண்டு வரியில் எழுதி வைத்தேன். பிறகு மூத்தவரின் பிறப்புப் பத்திரம் கிடைத்தது. ஒத்துப்போனது.

இப்படிக் கேட்க நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்த அடையாளங்கள் உண்டு. ஜப்பான்காரன் வந்தது 1941 டிசம்பர். வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டு செல்லாமல் போனது 1945. முதல் அடையாள அட்டை (ஐசி) கொடுத்தது 1948-இல். பெரிய வெள்ளம் 1971 ஜனவரி. வேலை பெர்மிட் கெடுபிடியில் குடியுரிமை இல்லாத சிவப்பு ஐசிக்காரர்கள் பலர் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குக் கப்பல் ஏறியது 1969, 1970. ‘அதற்கு முன்னாலா பின்னாலா’ என்று கேட்டால் போதும், பெரியவர்கள் சரியாகச் சொல்வார்கள்.

சயாமுக்கு (இன்றைய தாய்லாந்துக்கு) போனவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. அதற்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்தும் ஆசை காட்டியும் கொண்டுபோன தமிழர் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. சயாமில் உள்ள காஞ்சனபுரியின் போர்க் கல்லறைகளில் வரிசையாக இருப்பவை நேச நாட்டுப் போர்க் கைதிகளின் பெயர்கள். நம் ஆட்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த கல் கிடையாது. இணையத்தில் எங்கே தேடினாலும் உங்கள் தாத்தாவின் தம்பி பெயர் வராது. நீங்கள் எழுதினால்தான் உண்டு. என்ன பெயர், எந்தத் தோட்டம், கூடப் போனவர் யார், திரும்பி வந்து தகவல் சொன்னவர் யார். இறந்த தேதி தெரியாவிட்டால் ஊகித்துப் போடாதீர்கள். ‘1943-க்குப் பிறகு தகவல் இல்லை’ என்று எழுதுங்கள்.

எங்கள் பெரியப்பா போய்த் திரும்பியவர். 2013-இல் இரண்டு மணி நேரம் என்னிடம் பேசினார், தண்டவாளக் கட்டை தூக்கிய தோள் தழும்பைச் சட்டையை விலக்கிக் காட்டினார். அந்தப் பதிவைக் கைப்பேசியில் மட்டுமே வைத்திருந்தேன். சில மாதத்தில் கைப்பேசி மழையில் நனைந்து செத்தது. கடையில் கொடுத்துப் பார்த்தும் ஒன்றும் மீளவில்லை. அந்த வருடக் கடைசியில் பெரியப்பாவும் போய்விட்டார். அவர் சொன்னதில் எனக்கு ஞாபகம் இருந்ததை நான்கு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன், ஆனால் குரல் போனது போனதுதான். பதிவு செய்த அன்றைக்கே, வீடு வந்து செருப்பைக் கழற்றும் முன், இன்னொரு இடத்தில் நகல் எடுங்கள்.

டிரங்குப் பெட்டியைத் திறப்பது

பிறப்பு, இறப்புப் பத்திரங்கள், பழைய ஐசி, கல்யாணப் பத்திரிகை, மொய் நோட்டு, ஊரிலிருந்து வந்த ஏரோகிராம், மணியார்டர் ரசீது, கோயில் திருவிழாக் கணக்கு, தமிழ்ப்பள்ளிச் சான்றிதழ் எல்லாம் வேண்டும். மொய் நோட்டை அற்பமாக நினைக்காதீர்கள். யார் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தார்கள் என்று பெயர் பெயராக இருக்கும், முறை தெரிந்தவர்களுக்கு அது பாதி வம்சாவளி. பத்திரம் தொலைந்திருந்தால் பிறப்பு, இறப்புப் பதிவின் நகலுக்குத் தேசியப் பதிவிலாகாவில் விண்ணப்பிக்கலாம்.

சின்னப் படங்களை ஸ்கேன் கடையில் 600 டிபிஐ-யில் எடுக்கச் சொல்லுங்கள், காகிதங்களுக்கு 300 போதும். கைப்பேசியில் எடுப்பதானால் ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில், நேர் மேலிருந்து, ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். படத்தின் பின்புறத்தையும் எடுக்க வேண்டும். ஸ்டூடியோ முத்திரை, மசி மங்கிய ஒரு வரி அங்கேதான் இருக்கும். பிசின் ஆல்பத்தில் ஒட்டிப்போன படத்தைப் பிய்க்காதீர்கள், பக்கத்தோடு சேர்த்து எடுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கித் தரம் போய்விடும், ‘ஆவணம்’ என்று தேர்ந்து அனுப்புங்கள்.

ஏரோகிராம் கடிதங்களை நீங்களே வாய்விட்டு வாசித்துப் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது 1978-இல். அதற்கு முன் எழுதிய கடிதங்களில் ‘லை’, ‘னை’, ‘றா’ எல்லாம் பழைய வடிவம், தும்பிக்கை வைத்த எழுத்து. எங்கள் பேரன் தமிழ்ப்பள்ளியில் படித்தவன், அவனாலேயே ஒரு வரி நகர முடியவில்லை. அந்த எழுத்தை அடுத்தவர் உதவியில்லாமல் வாசிக்கும் கடைசி ஆட்கள் நாம்தான்.

சாதகக் குறிப்பிலும் தேதி இருக்கும், ஆனால் தமிழ் வருடத்தில். 60 வருடச் சுற்று என்பதால் கவனமாகக் கணக்கிட வேண்டும். ‘சுபானு வருடம் ஆவணி 12’ என்றால் 1943 ஆகஸ்டுக் கடைசி. அடுத்த சுபானு 2003-இல்தான் வந்தது, அதனால் நம் ஆட்களுக்குக் குழப்பம் வராது.

எங்கே ஏற்றுவது

நான் பார்த்தவரை மூன்று வழி உண்டு. மைஹெரிட்டேஜ் போன்ற தளங்களில் உங்கள் குடும்ப மரம் (வம்சாவளிப் படம்) உங்கள் கையில் இருக்கும், ஓரளவு வரை இலவசம், ஆட்கள் கூடினால் சந்தா கேட்கும். ஃபேமிலிசர்ச் முழுக்க இலவசம். படம், குரல் எல்லாம் ஏற்றலாம். உயிரோடிருப்பவர் விவரம் வெளியே தெரியாது. ஆனால் அது உலகத்துக்கே ஒரே மரம், இறந்தவர் பக்கத்தில் வேறு யாரும் வந்து திருத்தலாம். இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். அதை நடத்துவது அமெரிக்காவின் ஒரு கிறிஸ்துவத் திருச்சபை, மோர்மன் சபை என்பார்கள். தங்கள் முன்னோருக்காக வேறொருவர் நின்று ஞானஸ்நானம் பெறும் சடங்கு அவர்களிடம் உண்டு. இது மனதுக்கு ஒப்பாத குடும்பங்கள் வேறு வழி பார்க்கலாம். மூன்றாவது, கணினியில் கிராம்ப்ஸ் என்னும் இலவச மென்பொருளில் மரத்தை எழுதிக் கோப்பைக் கூகுள் டிரைவில் வைத்துக் குடும்பத்துக்கு மட்டும் பகிர்வது.

நான் மூன்றாவதைத்தான் வைத்திருக்கிறேன். எதை எடுத்தாலும் மரத்தை ‘ஜெட்காம்’ (GEDCOM) என்னும் பொதுவான வம்சாவளிக் கோப்பாக இறக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். அது ஒன்று கையில் இருந்தால் தளம் மூடினாலும் வேறு இடத்துக்குக் கொண்டுபோகலாம். படங்கள் அதில் வராது, தனியாக வைத்திருக்க வேண்டும்.

இனி நம் பெயர்ச் சிக்கல். இந்தத் தளங்கள் எல்லாம் குடும்பப் பெயர் கேட்கும். நமக்கு அது கிடையாது. ஐசியில் மகன், மகள் என்பதற்குப் போடும் ஏ/எல், ஏ/பி-யைக் குடும்பப் பெயராகப் போட்டு, தோட்டத்தில் பாதிப் பேர் ஒரே குடும்பம் ஆனதை நானே பார்த்திருக்கிறேன். அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். அப்பா பெயர் மரத்திலேயே மேலே இருக்கிறது. ஐசியில் உள்ள எழுத்துக்கூட்டலை முதற்பெயராகவும், தமிழில் சரியான பெயரை மாற்றுப் பெயராகவும் போடுங்கள். முனியாண்டி என்ற ஒரே பெயரைப் பிறப்புப் பத்திரம் எழுதியவர் ஒருவிதமாகவும் ஐசி எழுதியவர் வேறுவிதமாகவும் ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள். எல்லாவற்றையும் போடுங்கள். தமிழில் தட்ட நம் மலேசியர் முத்து நெடுமாறனின் செல்லினம் செயலி இருக்கிறது. விரல் நடுங்குபவர்கள் கூகுள் விசைப்பலகையில் தமிழைத் தேர்ந்து பேசியே எழுதலாம்.

தாய்மாமனைக் கட்டியவர், அத்தை மகனைக் கட்டியவர் இல்லாத வீடு நம்மிடம் குறைவு. அப்போது ஒரே ஆள் மரத்தில் இரண்டு வழியில் வருவார். பயந்துபோய் அவரை இரண்டு முறை உருவாக்காதீர்கள், ஏற்கெனவே உள்ளவரோடு இணைக்க வழி இருக்கும்.

கடலுக்கு அந்தப் பக்கம்

தாத்தா எந்தக் கப்பலில் வந்தார் என்று பட்டியல் தேடி நாட்களை வீணாக்காதீர்கள். பிஜிக்கும் நேட்டாலுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களுக்கு ஊர், அப்பா பெயர் எழுதிய பதிவுகள் இருக்கின்றன. கங்காணி ஆள்கட்டி நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் ஏற்றிவிட்ட நம் ஆட்களுக்கு அந்த அளவு விவரத்தை எதிர்பார்க்க முடியாது. கங்காணி வழி ஆள் எடுப்பது 1938-இல் இந்திய அரசு தடை போட்டதோடு நின்றது. சொந்தக் காசில் போய் வந்தவர்களுக்கு ரஜூலா ஞாபகம் இருக்கும், 1926 முதல் 1973 வரை ஓடிய கப்பல். அவர்கள் வீட்டில் பழைய பாஸ்போர்ட்டோ டிக்கெட் துண்டோ கிடைக்க வாய்ப்புண்டு.

ஊரைக் கண்டுபிடிக்க நான் நம்புவது குலதெய்வத்தை. ‘நம்ம சாமி எந்த ஊர்ல இருக்கு’ என்று பெரியவர்களைக் கேளுங்கள். ஊர் பெயர் மறந்தவர்கள்கூடச் சாமி பெயரையும் பக்கத்தில் ஏரி இருந்ததா, மலை இருந்ததா என்பதையும் சொல்வார்கள். கடித விலாசத்தில் உள்ள ஜில்லாவைப் பார்த்துக் குழம்பாதீர்கள். தென்னாற்காடு ஜில்லா இன்று கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டங்கள். பழைய சேலத்திலிருந்து தருமபுரியும் நாமக்கல்லும் பிரிந்தன. தாலுகா பெயர் இருந்தால் கூகுள் வரைபடத்தில் கிராமத்தைப் பிடித்துவிடலாம்.

இந்தப் பக்கத்துக்குச் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இணையப் பத்திரிகைத் தொகுப்பு பெரிய உதவி. பழைய ஆங்கிலப் பத்திரிகைகளோடு தமிழ் முரசும் அதில் உண்டு. ஆள் பெயரில் தேடினால் ஏமாற்றம்தான், தோட்டத்தின் ஆங்கிலப் பெயரில் தேடுங்கள். வேலைநிறுத்தம், தீ, விபத்து, கோயில் விழா என்று ஏதாவது வரும். கோலாலம்பூரில் உள்ள நம் தேசிய ஆவணக் காப்பகத்தின் கோப்புப் பட்டியலையும் இணையத்தில் தேடலாம், கோப்பைப் பார்க்க நேரில் போக வேண்டியிருக்கும்.

தோட்டத்து இடுகாட்டுக்கு ஒரு நாள் போய் வாருங்கள். செம்பனை நட்டுவிட்ட இடங்களில் கல் புதரில் கிடக்கும். கல்லைச் சுரண்டாமல், தண்ணீர் மட்டும் ஊற்றித் துடைத்து, மாலை வெயில் சாய்ந்து விழும்போது எடுத்தால் எழுத்து தெரியும்.

ஏற்றக் கூடாதவை

உயிரோடிருப்பவரின் ஐசி எண், முழுப் பிறந்த தேதி, வீட்டு விலாசம் எதுவும் வேண்டாம். ஏமாற்றுக்காரர்களுக்கு அது போதும். சாதியை நான் ஏற்றவில்லை, ஏற்றாதீர்கள் என்றுதான் சொல்வேன். ஊரைக் கண்டுபிடிக்கச் சாமியும் கிராமமும் போதும். இரண்டாம் தாரம், தத்துப் பிள்ளை, மருந்து குடித்துச் செத்தவர் என்று ஒவ்வொரு வீட்டிலும் இருக்கும். பொய் எழுத வேண்டாம், சம்பந்தப்பட்டவர் பிள்ளைகளைக் கேட்காமல் உண்மையையும் வெளியே போட வேண்டாம். நோட்டில் எழுதி வைத்து, யார் எப்போது திறக்கலாம் என்று குறித்துவிடுங்கள்.

கைமாற்றிக் கொடுப்பது

கூகுள் கணக்கை இரண்டு வருடம் யாரும் தொடாவிட்டால் அதை அழித்துவிடும் உரிமை அந்நிறுவனத்துக்கு உண்டு. நாம் போன பிறகு நடப்பது அதுதான். கணக்கு அமைப்புகளில் ‘செயலற்ற கணக்கு மேலாளர்’ என்று ஒன்று இருக்கிறது. 3 மாதம் முதல் 18 மாதம் வரை காலம் குறித்து, அதன் பிறகு யாருக்குக் கோப்புகள் போக வேண்டும் என்று 10 பேர் வரை எழுதி வைக்கலாம். ஐபோன் வைத்திருப்பவர்கள் அதிலும் வாரிசுத் தொடர்பு குறிக்கலாம். ஒரு பிள்ளையை மட்டும் நம்பாமல் இரண்டு பேரைப் போடுங்கள், ஒருவர் வெளியூராக இருப்பது நல்லது. எங்கள் வீட்டில் கோலாலம்பூரில் இருக்கும் மகளும் மெல்பர்னில் இருக்கும் தம்பி மகனும்.

மூன்று நகல் எப்போதும் இருக்கட்டும்: இணையத்தில் ஒன்று, வீட்டில் ஒரு ஹார்டு டிஸ்கில் ஒன்று, வேறு ஊரில் ஒரு பிள்ளையிடம் ஒன்று. தீபாவளிக்கு எல்லாரும் வரும்போது புதிதாகச் சேர்ந்ததை நகலெடுத்துக் கொடுத்து அனுப்புவது எங்கள் வழக்கமாகிவிட்டது. மரத்தை மட்டும் பெரிய தாளில் அச்சடித்துச் சுவரில் மாட்டுங்கள், திருத்தம் சொல்ல வருபவர்கள் பேனாவோடு வருவார்கள்.

அம்மாவோடு போன மூன்று பெயரில் இரண்டு கிடைத்துவிட்டன, ஒன்று மொய் நோட்டில், ஒன்று அத்தையின் பதிவில். மூன்றாமவர் அம்மாவின் சின்னம்மா, பிரசவத்தில் இறந்தவர் என்பது மட்டும் தெரியும். அவரை அறிந்த பாட்டி ஒருவர் தெலுக் இந்தானில் மகள் வீட்டில் இருக்கிறாராம். வயது 94. காலை பத்து மணிக்குள் போனால் நன்றாகப் பேசுவார் என்று மகள் சொன்னார். வருகிற சனிக்கிழமை விடியற்காலையில் கிளம்புகிறேன்.